விடியும்வரை காத்திருக்கக்கூடாத வியாதிகள்

தஞ்சைத் தரணியில் சம்பா அறுவடை நடப்பது தை, மாசி மாதங்களில். வரப்பு வளைகளிலுள்ள எலிகளைத் தேடிப் பாம்புகளும் அப்பொழுது வயலில் நடமாடும். இயந்திர அறுப்பு வந்தபின்னரும் வயலின் மூலைகளைக் கையால் அறுப்பதே வழக்கம். ஒருவனுக்கு இரவில் ஏதேனும் நேரிடின், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வதா, காலையில் பார்த்துக்கொள்வதா என்னும் கேள்வி கிராமத்தில் எழுகிறது.

சளி, இருமல், ஆறிவரும் புண் முதலியன ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலைப் புறநோயாளர் நேரம்வரை பொறுக்கும். சர்க்கரை வியாதிக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகளை 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிற்கே கொணர்ந்து கொடுக்கிறார்கள். அதற்கென ஒரு நாட்கூலியை இழக்கவேண்டியதில்லை. ஆனால் வயற்சேற்றில் இறங்கியவனுக்கு ஜுரத்துடன் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால் எலிக்காய்ச்சலாயிருக்கலாம், அன்றே காட்டவேண்டும்.

பாம்புக்கடியோ ஒரு நாழிகையும் பொறுக்காது. கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கமும் வலியும் தெரியும். இரத்தம் உறையுந் தன்மையை இழக்கும். ஜனங்களை ஏமாற்றுவது கட்டுவிரியனே. இது இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடிவாயில் அநேகமாய் வீக்கமிராது, வலியும் அற்பம். வயிற்றுவலியென்று படுத்தவனுக்குச் சில மணி நேரத்தில் இமைகள் தாழ்ந்து, பேச்சுக் குழறி, மூச்சு அடைக்கும். “வலியில்லையே, விடியட்டும்” என்று வீட்டார் இருந்துவிடுவதால் போகும் உயிர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

கயிற்றால் இறுகக் கட்டுவதும், கடிவாயைக் கீறுவதும், மந்திரிக்கக் கொண்டுபோவதும் தீங்கேயன்றி வேறில்லை. கடிபட்டவனை நடக்கவிடாமலும், கடிபட்ட அங்கத்தை அசையவிடாமலும் கிடத்தி, 108-க்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் விஷமுறிவு மருந்து ஒன்றே. அம்மருந்து செய்வதற்கான விஷத்தை, மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகின்றனர். கூட்டுறவு அபிமானிகள் அறிந்து மகிழத்தக்க செய்தி இது. முதல் மருந்து அருகிலேயே ஏறிவிட வேண்டும். மூச்சுத் திணறினால் செயற்கைச் சுவாசக் கருவியும் வேண்டியிருக்கும். அதற்குத் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உண்டு.

வியர்வையுடன் கூடிய மார்வலி, பேதியால் கண் குழிந்து சோர்ந்த குழந்தை, பூச்சிமருந்து உட்சென்றவன் ஆகியோரும் இரவென்று பாராமல் கொண்டுசெல்லப்பட வேண்டியவர்களே. குழந்தைக்கு வழிநெடுக உப்புச் சர்க்கரைக் கரைசல் சிறிது சிறிதாகப் புகட்டலாம். பூச்சிமருந்தாயின் புட்டியையும் உடன் எடுத்துச் செல்வது அவசியம். அதிலுள்ள பெயரைக் கண்டு டாக்டர் சிகிச்சையைத் தீர்மானிப்பார்.