1873-ஆம் ஆண்டு ரைஃபிளின் இன்றைய நகல்கள்

அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1873-இல் அறிமுகப்படுத்திய நெம்புகோல் ரைஃபிள், ஏறத்தாழ அரை நூற்றாண்டில் ஏழு லட்சத்துக்கும் மேல் விற்று உற்பத்தியிலிருந்து விலகியபின், பழைய பாணித் துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்களுக்காக இன்று இத்தாலியின் உபெர்ட்டி நிறுவனத்தாலும் ஜப்பானின் மிரோக்கு ஆலையிலும் மீண்டும் வார்த்தெடுத்ததுபோல் ஒரே சாயலில் செய்யப்படுகிறது. ஆனால் நகலின் தரம் சாயலில் இல்லை.

கைப்பிடி வளையமாக அமைந்த நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைக்கும் உருளையான போல்ட் பின்வாங்கி, சுட்ட தோட்டாவின் வெற்று உறையை வெளியே இழுக்கிறது. அதே வீச்சின் கடைசியில் ஒரு தூக்கி எழும்பி, குழலுக்கடியிலுள்ள குழாயிலிருந்து வந்த புதிய தோட்டாவை மேலே ஏந்துகிறது. நெம்புகோலை மூடும்போது தோட்டா குழலுக்குள் செல்ல, போல்ட்டின் பின்னுள்ள இரு மூட்டு இணைப்புகளும் நேர்கோட்டில் நிமிர்ந்து வெடிப்பின் பின்னுதைப்பைத் தாங்குகின்றன. ஆகவே, அம்மூட்டுகளின் ஊசிகளும் துளைகளும் தளர்வின்றிப் பொருந்தியிருக்கின்றனவா என்பதே முதலில் பார்க்கத்தக்கது. தளர்ந்தால் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்குமான இடைவெளி நாளடைவில் விரியும். புதிய நகல்களில் நெம்புகோல் விறைப்பாக இருப்பதற்குப் பெரும்பாலும் தடித்த வில்கள்தாம் காரணம். அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. வீச்சின் நடுவே ஓரிடத்தில் மட்டும் தடுமாறினால்தான் ஐயப்படலாம்.

சட்டகத்தின் மேல் படரும் நீலமும் பழுப்புமான நிறக்கோலம் வாங்குவோரை எளிதில் மயக்குகிறது. பழைய பட்டறைகளில் எலும்புக் கரியோடு சூடாக்கி நீரில் குளிர்வித்து எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கியபோது கிடைத்த துணைவிளைவு அது. வேதிப்பூச்சாலும் அதைப் போலவே தோற்றுவிக்க முடியும் என்பதால், மரம் உலோகத்தைத் தொடும் விளிம்புகள் இடைவெளியின்றிப் பொருந்துவதே வேலைத்தரத்துக்கு நம்பகமான சாட்சி.

தோட்டாவின் தேர்வும் கையாளும் சுகத்தை மாற்றுகிறது. இந்த ரைஃபிளோடு பிறந்த ‘44-40’ தோட்டாவின் மெல்லிய உறை, வெடிப்பில் விரிந்து குழலின் சுவரை அடைத்துக்கொள்வதால் புகைக்கரி பின்னுக்கு வருவது குறைவு. நகல்களில் மட்டுமே கிடைக்கும் ‘45 கோல்ட்’ தோட்டாவின் தடித்த, நேரான உறை அந்த அளவுக்கு இறுக்கமாக அடைப்பதில்லை. ஆகவே, அதைக் கரிமருந்தில் சுடுவோர் ரைஃபிளின் உட்பகுதியை அடிக்கடி துடைக்க நேர்கிறது.