அப்பா பெயர் தெரியாத முருகனைக் கூப்பிடுவது எப்படி?



ஒரே வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? கே.முருகன், எஸ்.முருகன்னு இனிஷியலோடு கூப்பிடுவார். எக்ஸ்எம்எல் கோப்புகளிலும் இதே ஏற்பாடு உண்டு. அதற்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். தமிழில் பெயர்வெளி. 1999 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பு இதற்கு விதி வகுத்தது.

இனிஷியல் வெறும் சுருக்கம்தானே? முழுசா எழுதினால் அப்பா பெயர் வரும். இங்கே அப்பா பெயர், இணைய முகவரி மாதிரி நீளமாக இருக்கும். கணினி பார்ப்பது அந்த முழுப் பெயரை மட்டும்தான். கோப்பின் தலையில் அதை ஒரே தடவை எழுதிவிட்டால் போதும். உள்ளே இனிஷியல் இல்லாமல் இருக்கும் உறுப்புகளுக்கும் அதுவே அப்பா பெயர் ஆகிவிடும். சிக்கலே இங்கேதான்!

கூகுள் எர்த்தில் இடங்களைக் குறித்துச் சேமித்தால் கேஎம்எல் கோப்பு கிடைக்கும். ஒவ்வொரு இடமும் 'பிளேஸ்மார்க்' என்ற உறுப்பு. எக்ஸ்பாத் மொழியில் இப்படித் தேடுகிறோம் (கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்):

//பிளேஸ்மார்க்

விடை: ஒன்றுமே இல்லை! பிழைச் செய்தியும் வராது. ஏன்? எக்ஸ்பாத் 1.0-இல் வெறும் பெயரைச் சொன்னால், 'அப்பா பெயரே இல்லாத பிளேஸ்மார்க்' என்று அர்த்தம். அப்படி ஒருவரும் கோப்பில் இல்லையே.

அப்பா பெயரைச் சொல்லித் தேடலாம். ஆனால் அதுவே மாறியிருந்தால்? பழைய கேஎம்எல் கோப்புகளில் கூகுள் எர்த் முகவரி இருக்கும். அதிலும் 2.0, 2.1, 2.2 என்று வகைகள். 2008 ஏப்ரலில் ஓஜிசி அமைப்பு இதைத் தரமாக ஏற்ற பிறகு முகவரி ஓப்பன்ஜிஐஎஸ் என்று மாறியது. பல வருடக் கோப்புகளைச் சேர்த்து ஏரி, கிணறுகளை எண்ணுபவர் ஒரு முகவரியை மட்டும் சொன்னால், மற்றக் கோப்புகளில் உள்ள கிணறெல்லாம் கணக்கில் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இதற்கு வழி:

//*[லோக்கல்-நேம்()='பிளேஸ்மார்க்']

அதாவது, 'அப்பா யாரா இருந்தாலும் சரி, பிளேஸ்மார்க் எல்லாரும் எழுந்திரு!' 2007-இல் வந்த எக்ஸ்பாத் 2.0-இல் இன்னும் சுலபம்: //*:பிளேஸ்மார்க். ஆனால் இணைய உலாவிகளுக்குள் இருப்பது 1.0 என்பதால் அங்கே முதல் வழிதான்.

எச்சரிக்கை! கேஎம்எல்-இல் இடத்தின் பெயரும் 'நேம்'. ஆட்டம் என்ற வேறு பெயர்வெளியிலிருந்து வரும் ஆசிரியர் பெயரும் 'நேம்'. பொதுவாக 'நேம்' என்று தேடினால் கிணற்றோடு ஆளும் வந்து நிற்பார்! ஆகவே யாருடைய நேரடிப் பிள்ளை என்றும் சொல்லுங்கள்:

//*[லோக்கல்-நேம்()='பிளேஸ்மார்க்']/*[லோக்கல்-நேம்()='நேம்']

ஆசிரியர் பெயர் இன்னும் ஒரு படி உள்ளே இருப்பதால் இதில் மாட்டாது.

செய்து பாருங்கள்: புதுக் கோப்பு கையில் கிடைத்ததும் நேம்ஸ்பேஸ்-யூஆர்ஐ(/*) என்று கேளுங்கள். முதல் உறுப்பின் அப்பா பெயரைக் கணினியே சொல்லும். இனி பூஜ்யம்னு விடை வந்தா உடனே 'இல்லை'ன்னு நோட்டில் எழுதிடாதீங்க. கேட்ட கேள்வியை ஒரு தடவை பாருங்க!