16 பொத்தான்களில் ஓயாத தாளம்

டெட்ராய்ட் நகரில் பிறந்து வளர்ந்த ஜெஃப் மில்ஸ், டெக்னோ இசையில் பெரிய பெயர். 2015இல் வெளியான ‘எக்ஸிபிஷனிஸ்ட் 2’ வீடியோவின் ஒரு பகுதியில் அவர் முன் இருப்பது ரோலண்ட் டிஆர்-909 என்ற டிரம் மெஷின் மட்டுமே. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் விரல்கள் ஓர் அடியைச் சேர்க்கின்றன, இன்னொன்றை எடுக்கின்றன, ஒரு ஒலியை ஏற்றி மற்றொன்றைத் தணிக்கின்றன.

1983இல் ஜப்பானிலிருந்து வந்த அந்த இயந்திரம் விற்பனையில் தோற்றது. சுமார் 10,000தான் தயாரானது. செகண்ட் ஹேண்டில் மலிவாக டெட்ராய்ட், சிகாகோ இளைஞர்களிடம் வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு மவுசு. அதன் அடிப்பகுதியில் வரிசையாக 16 பொத்தான்கள். எதை அழுத்தி வைக்கிறோமோ அந்த இடத்தில் அடி விழும். 16 முடிந்ததும் மறுபடி ஒன்று. நான்கு படிக்கு ஓர் எண்ணிக்கை என்று, நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில் 16 படிச் சுற்று ஒன்று முடிய 2 விநாடி போதும்.

இரண்டே விநாடிச் சுற்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கூட்டத்தை ஆடவைப்பது எப்படி? கால் தடுமாறவும் கூடாது, காதுக்கு அலுக்கவும் கூடாது.

எளிய வழி, ஒவ்வொரு ஒலிக்கும் வெவ்வேறு நீளத்தில் சுற்று அமைப்பது. கிக் டிரம்முக்கு 16 படி, ஹை-ஹேட்டுக்கு 12, மணியோசைக்கு 7 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒன்றாகக் கிளம்பி, முதல் சுற்று முடிவதற்குள் பிரிந்துவிடும். மறுபடி ஒரே புள்ளியில் சேர 336 படிகள், அதாவது 42 விநாடி ஆகும். 5 படியில் நான்காவது ஒலியைச் சேர்த்தால் மூன்றரை நிமிடம்! கலைஞர் கைகட்டி நின்றாலும் தாளம் உருமாறிக்கொண்டே போகும். கர்நாடகக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை எப்போது சமத்துக்கு வரும் என்று காத்திருந்தவர்களுக்கு இந்தப் பரபரப்பு புதிதல்ல.

அடுத்தது, தற்செயல். ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த டிஜிடாக்ட் போன்ற கருவிகளில் ஓர் அடிக்கு நிபந்தனை போடலாம். ‘பாதி வாய்ப்புதான்’ என்றால் அது சில சுற்றில் விழும், சிலவற்றில் விழாது. ‘நான்கு சுற்றுக்கு ஒரு முறை’ என்றும் கட்டளையிடலாம். பிரதான அடிகளை அசையாமல் வைத்து, ஓரத்துச் சின்ன ஒலிகளுக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் தருவது பலரின் உத்தி.

கிரேக்கக் கணித மேதை யூக்ளிடும் மேடைக்கு வந்துவிட்டார். எட்டுப் படிகளில் மூன்று அடிகளை முடிந்தவரை சீராகப் பரப்பினால் 3, 3, 2 என்ற இடைவெளி கிடைக்கும். கியூப இசையில் புகழ்பெற்ற ‘டிரெசியோ’ தாளம் இதுதான். மீப்பெரு பொதுக் காரணி காண யூக்ளிட் சொன்ன வழியிலேயே இத்தகைய மரபுத் தாளங்கள் பல பிறக்கின்றன என்று மெக்கில் பல்கலைக்கழகத்தின் காட்ஃபிரைட் டூசெய்ன்ட் 2005இல் காட்டினார். இன்று பல கருவிகளில் ஒரு குமிழைத் திருகினால் போதும். மூன்று அடி ஐந்தாகி, தாளமே வேறாகிவிடும்.

மாறும் தாளம் ஒருமுறை எதிர்ப்புக் குரலாகவும் ஆனது. 1994இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்ட மசோதா, ரேவ் எனும் திறந்தவெளி நடன விழாக்களைத் தடுக்க, திரும்பத் திரும்ப வரும் அடிகள் கொண்ட இசையைக் குறிவைத்தது. ஆட்டெக்கர் என்ற மின்னணு இசை இரட்டையர் உடனே ‘ஃப்ளட்டர்’ என்ற படைப்பை வெளியிட்டார்கள். அதில் எந்த இரண்டு சுற்றும் ஒன்றுபோல் இராது. ஆகவே சட்டம் வந்தாலும் ஒலிக்கவிடலாம், ஆனால் பக்கத்தில் ஒரு வக்கீலும் இசை அறிஞரும் இருக்கட்டும் என்று உறையிலேயே கிண்டலாக அச்சிட்டார்கள்.

‘அல்கோரேவ்’ நிகழ்ச்சிகளில் டிரம் மெஷினும் கிடையாது. கலைஞர் லேப்டாப்பில் கோட் எழுத எழுத இசை மாறும். எழுதுவது பெரிய திரையிலும் தெரியும். அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கிய டைடல்சைக்கிள்ஸ் மொழியில், நான்கு சுற்றுக்கு ஒரு முறை தாளத்தைத் தலைகீழாக்க ஒரே வரி போதும். தாளத்தைக் குறித்துக்காட்டும் முறையில் அதற்கு ஓர் இந்தியத் தொடர்பும் உண்டு: 1980களில் லக்னோ தபலா வாசிப்பின் இலக்கணத்தைக் கணினிக்குக் கற்றுத்தர பெர்னார்ட் பெல், ஜிம் கிப்பன் இருவரும் உழைத்ததில் பிறந்த ‘போல் ப்ராசஸர்’ மென்பொருள்தான் அதற்குத் தூண்டுதல். கோட் எழுதுவதில் பிழை நேர்ந்தால் இசை நின்றுவிடாது. பழைய சுற்றே ஓடிக்கொண்டிருக்கும். கலைஞர் பிழையைத் தேடித் திருத்தும்வரை கூட்டம் அதற்கே ஆடும்.