மூன்று பாகங்களில் ஒரு தாம்பத்தியம்

புகுந்த நாட்டின் மொழியை நாம் பெரும்பாலும் வேலைக்காகவும் அலுவலகக் கடிதங்களை வாசிப்பதற்காகவுமே கற்கின்றோம். அம்மொழியில் அந்நாட்டார் தம் குடும்ப வாழ்வை எவ்வாறு எழுதிவைத்துள்ளனர் என்று தேடிப் பார்ப்போர் குறைவு. நோர்வேயில் வாழும் நம்மவர் அவ்வகையில் முதலில் வாசிக்கத் தக்க நாவல், சிக்ரிட் உன்செற் என்னும் பெண் எழுத்தாளரின் ‘கிறிஸ்ரின் லாவ்ரன்ஸ்டற்றர்’. 1920 முதல் 1922 வரை ஆண்டுக்கொன்றாக மூன்று பாகங்கள் வெளிவந்தன. மத்தியகால வடபுல வாழ்வைச் சித்திரித்தமைக்காக 1928 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

‘லாவ்ரன்ஸ்டற்றர்’ என்றால் லாவ்ரன்ஸின் மகள் என்பது பொருள். தந்தை பெயரை முன்னெழுத்தாகத் தாங்கும் நமக்கு இது புதுமையன்று. (இங்குள்ள படிவங்களில் நம் தந்தையர் பெயர் குடும்பப் பெயராகிவிட்டமை வேறு கதை.)

கதை 14 ஆம் நூற்றாண்டில் நிகழ்கின்றது. மலைப் பள்ளத்தாக்கொன்றின் பண்ணையுரிமையாளர் லாவ்ரன்ஸ், தம் செல்வ மகள் கிறிஸ்ரினைச் சீமோன் என்னும் நல்லவனுக்கு நிச்சயம் செய்கின்றார். திருமணத்திற்கு முன் சிலகாலம் ஒஸ்லோ கன்னியர் மடமொன்றில் தங்கும் கிறிஸ்ரின், எர்லென் என்னும் பிரபுவிடம் மனத்தைப் பறிகொடுக்கின்றாள். அவனோ முன்னரே பிறன் மனைவியொருத்தியுடன் வாழ்ந்து இரு பிள்ளைகளைப் பெற்றவன். தந்தை மறுக்கின்றார், மகள் அசையாள். ஈற்றில் தந்தையே தளர்ந்து இசைகின்றார்.

வழமையான காதற்கதை இத்திருமணத்துடன் முடிந்திருக்கும். இங்கோ முதற்பாகம் மட்டுமே முடிகின்றது. கருவுற்ற நிலையில், அதனை மறைத்து, கன்னியர்க்குரிய கோலத்துடன் மணமேடையில் நிற்கின்றாள் கிறிஸ்ரின். மகள் முன்னரே எர்லெனுக்கு உரியவளாகிவிட்டாள் என்பதை அன்றிரவு லாவ்ரன்ஸ் உணர்கின்றார். அவ்வேளையில் அவர் மனைவி, பல்லாண்டு நெஞ்சிற் பூட்டிவைத்த தன் இரகசியமொன்றை வெளியிடுகின்றாள்: தானும் அவரை மணக்குமுன் இன்னொருவனுக்கு உரியவளாயிருந்தாள். பெற்றோர் பேசி முடித்த அத்திருமணத்தில் தாம் அவளை முழுமனத்துடன் நேசிக்கவில்லை என்பதும் லாவ்ரன்ஸுக்குத் தெரியும். பெற்றோர் செய்துவைத்த மணத்திலும் மௌனம் உறைந்திருந்தது. பிள்ளை தானே தேடிய மணத்திலும் பொய் கலந்திருந்தது. ஆசிரியர் எப்பக்கமும் சாயவில்லை. வளர்ந்த பிள்ளைகளின் மணப்பேச்சு நடக்கும் நம் வீடுகளில், பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனியே வாசிக்க வேண்டிய அத்தியாயம் இது.

இரண்டாம் பாகத்தில் கிறிஸ்ரின், பராமரிப்பற்றுக் கிடந்த கணவன் வீட்டைச் சீர்செய்கின்றாள். ஏழு ஆண்மக்களை வளர்க்கின்றாள். எர்லென் மன்னனுக்கெதிரான சதியில் இறங்கிச் சிறைப்படுகின்றான். அவனை விடுவிக்க ஓடியலைபவன் அன்று கைவிடப்பட்ட அதே சீமோன். உயிர் தப்புகின்றது, நிலபுலம் பறிபோகின்றது.

வீடிழப்பது எவ்வாறிருக்கும் என்பதைப் பின்னாளில் உன்செற்றும் அறிந்தார். 1940 இல் ஜேர்மனியப் படை நோர்வேக்குள் புகுந்தது. மூத்த மகன் போரில் மாண்டான். நாசிகளை எதிர்த்து எழுதிவந்த தாய் சுவீடனுக்குத் தப்பி, இளைய மகனுடன் சோவியத் நாட்டையும் யப்பானையும் கடந்து அமெரிக்காவை அடைந்தார். 1945 வரை அங்கே அகதி.

மூன்றாம் பாகமே நூலின் உச்சம் என்பது என் கருத்து. தான் விரும்பி மணந்தவனின் ஒவ்வொரு குற்றத்தையும் கிறிஸ்ரின் மறவாது சேர்த்து வைத்திருக்கின்றாள். அவள் தந்தை வீட்டுக்கே குடும்பம் திரும்பியபின், ஒருநாள் சினத்தில், லாவ்ரன்ஸ் அமர்ந்த ஆசனத்தில் அமரும் தகுதி உனக்குண்டா என்ற கருத்துப்படக் கேட்டுவிடுகின்றாள். எர்லென் மலைமேலுள்ள சிறு பண்ணைக்குத் தனியே போய்விடுகின்றான். கிறிஸ்ரின் ஒருமுறை தேடிச் செல்கின்றாள். இருவரிடமும் அன்பு குறையவில்லை. அவன் இறங்கி வருவான் என இவள் காத்திருக்கின்றாள். இவள் ஏறி வருவாள் என அவன் காத்திருக்கின்றான். அச்சந்திப்பிற் கருவாகிய எட்டாம் குழந்தை பிறந்து இறக்கின்றது. மனைவிமீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்க எர்லென் விரைந்து வரும் நாளிலேயே கைகலப்பில் மாள்கின்றான்.

நடை ஆறுதலானது; வயல்வேலை, பிரசவம், மதச்சடங்கு எல்லாம் பக்கம் பக்கமாக வரும். முதல் நூறு பக்கங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நோர்வே மொழி கைவராதோர்க்கு 1997 முதல் 2000 வரை வெளிவந்த ரீனா நன்னலியின் ஆங்கில மொழிபெயர்ப்பு உதவும்.

1349 இல் கொள்ளைநோய் பரவுகின்றது. கன்னியர் மடத்தில் சாகும் தறுவாயிற் கிடக்கும் கிறிஸ்ரின், ஏழைப் பெண்ணொருத்தியின் ஆன்ம சாந்திக்கான பூசைகளுக்கெனத் தன் மணமோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கின்றாள். அத்தனை ஆண்டுகள் அணிந்திருந்த மோதிரத்தின் தடம் அவள் விரலில் அப்படியே இருக்கின்றது.