வெள்ளிக்கிழமைச் சந்தையும் கல்லூரிப் பிள்ளைகளும்

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் பருவத்தில், விடியற்காலையில் தாம்பரம் இரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் ஒரு காட்சி கண்ணில் படும். தென் மாவட்டங்களிலிருந்து வரும் விரைவு இரயில்களிலிருந்து பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகள் இறங்குகின்றனர். பின்னால் தகப்பனார் ஒரு மூட்டையைச் சுமந்து வருகிறார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. 1949-இல் தோன்றியது. அதன்பின் இப்பகுதியில் எழுந்த கல்லூரிகள் பலப்பல. ஆனால் விடுதியில் இடம் எல்லார்க்கும் கிடைப்பதில்லை. மூவர் நால்வராய்ச் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுக்கின்றனர். நான்கு சுவர்களும் வெறுந்தரையுமே அங்கு உள்ளவை. கட்டில், மேசை, மின்விசிறி, அடுப்பு, புத்தகம் என்று அன்றே செலவு தொடங்கிவிடுகிறது.

அவ்வாறு வந்த மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் என்னைத் தேடி வந்தார். “சாமி, தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும், கடனாகக் கொஞ்சம் பணம் கிடைக்குமா?” என்று கேட்டார். விசாரித்தேன். தாயின் சங்கிலியை அடகு வைத்துக் கொண்டுவந்த பணம் முழுவதும் கட்டில், மெத்தை, மேசை, மின்விசிறி என்று முதல் மாதத்திலேயே கரைந்துவிட்டது. எல்லாம் கடையில் வாங்கிய புதுப் பொருள்கள். “பல்லாவரம் சந்தை இருக்கிறதே, தம்பி! பாதிப் பணத்தில் முடித்திருக்கலாமே” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “கூட இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், சாமி?” என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார இரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். அங்குள்ள பழைய டிரங்க் சாலையில் வெள்ளிதோறும் சந்தை கூடுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் கால்நடைச் சந்தையாகத் தொடங்கியது என்பர். இன்று காய்கறி, கருவாடு, பூச்செடி, வளர்ப்புப் பறவை இவற்றினூடே, பிறர் பயன்படுத்திக் கழித்த பொருள்களும் சாலையோரம் நெடுக விரிந்து கிடக்கின்றன. நாற்காலி, மேசை, இரும்புக் கட்டில், மின்விசிறி, சமையற் பாத்திரம், துணிமணி, கருவிகள் என ஓர் அறைக்கு வேண்டிய யாவும் அங்குண்டு. வீடு மாற்றுவோரும் அலுவலகத்தைக் காலி செய்வோரும் கழிக்கும் பொருள்கள் வியாபாரிகள் வழியாக இத்தகைய சந்தைகளுக்கு வந்து சேருகின்றன. முதன்முதலில் வாங்கியவர் புதுமைக்குரிய விலையைக் கொடுத்துவிட்டார். அடுத்து வாங்குபவர் பயனுக்குரிய விலையை மட்டும் கொடுக்கிறார். இதில் வெட்கத்துக்கு இடமேது?

இப்படிக் கேட்கும் நானும் ஒரு காலத்தில் வெட்கப்பட்டவனே. சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்து, 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் என்ற செங்கல் நிறக் கட்டடம் இருந்தது. பழைய புத்தகங்களுக்கு அது பெயர்பெற்ற இடம். 1984-இல், எனக்குப் பதினேழு வயதாயிருந்தபோது, என் தந்தை அங்கு ஓர் ஆங்கில அகராதியைப் பேரம் பேசி வாங்கித் தந்தார். முதற்பக்கத்தில் யாரோ ஒருவர் பெயர் மையால் எழுதியிருந்தது. வகுப்பில் பிறர் பார்த்துவிடுவரே என அஞ்சி, அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினேன். தந்தை அதைக் கண்டார், கோபிக்கவில்லை. “அந்தப் பிள்ளையும் உன்னைப்போல் படித்தவன்தானே? அவன் பெயர் இருந்தால் உனக்கென்ன குறை?” என்று மட்டும் கேட்டார். அடுத்த ஆண்டு, 1985 மே 30 அன்று, மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. கடைகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குச் சென்றன. பழைய கட்டடம் நின்ற இடத்தில் புறநகர் இரயில் முனையம் எழுந்தது. அந்த அகராதியோ இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. ஒட்டிய தாளை எப்போதோ எடுத்துவிட்டேன்.

வெட்கம் வேண்டாம், ஆயினும் விழிப்பு வேண்டும். சந்தைக்குச் செல்லும் பிள்ளைகள் சிலவற்றை மனத்திற் கொள்வது நலம்.

மரக்கட்டிலின் கால்களைத் தட்டிப் பார்த்தால் மாவு போல் தூள் உதிர்கிறதா? அது உளுத்த மரம், வேண்டாம். மின்விசிறியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இயலாதென்றால், பழுதுபார்க்கும் செலவையும் எண்ணிக்கொண்டு விலை பேசுங்கள். குக்கர் வாங்கினால் அதன் இரப்பர் வளையத்தையும் பாதுகாப்பு வால்வையும் புதிதாக மாற்றிய பின்னரே அடுப்பில் ஏற்றுங்கள். தலைக்கவசத்தை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டால் அதன் உட்பஞ்சு நசுங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

பாடநூலானால் பாடத்திட்ட ஆண்டைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2013, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் விதிமுறைகளை மாற்றியது. தமிழக அரசின் பள்ளிப் பாடநூல்களும் 2018 முதல் படிப்படியாக மாறின. பழைய நூல் மலிவாகக் கிடைத்தும் தேர்வுக்கு உதவாமற் போகலாம். அகராதி, இலக்கணம், கணக்கு ஆகியவற்றுக்கு இந்த அச்சம் பெரிதாக இல்லை.

கைப்பேசியிலும் மிதிவண்டியிலும் இன்னும் கவனம் தேவை. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ அதை வாங்குவது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் தோன்றும். ‘கே.ஒய்.எம்.’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அது முடக்கப்பட்டதா என்று தெரியவரும். விற்பவரிடம் ரசீதும் கேளுங்கள். ‘ரசீதெல்லாம் எதற்கு?’ என்பாரானால், விலை எவ்வளவு குறைவாயினும் நகர்ந்துவிடுங்கள். எங்கோ ஒரு பிள்ளை அதை இழந்துவிட்டு அழுதுகொண்டிருக்கக் கூடும்.

அன்பான பெற்றோரே, பிள்ளைகளின் வெட்கம் பெரும்பாலும் நம்மிடமிருந்தே தொற்றுகிறது. ‘நம் பிள்ளை எதிலும் குறைந்துபோகக் கூடாது’ என்று நாம் சொல்லும்போது, அது மதிப்பெண்ணையா ஒழுக்கத்தையா குறிக்கிறது, மெத்தையையா என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. வட்டிக்கு வாங்கிய பணத்தில் வரும் புதுக்கட்டிலைவிட, கடனின்றி வாங்கிய பழைய கட்டிலில் உறக்கம் நன்றாக வரும் என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புவோமாக. நகரில் வாழும் குடும்பங்களும் மேசை, விளக்கு, பாடநூல் ஆகியவற்றைப் பரணில் தூசி படிய விடாமல், படிக்க வந்த பிள்ளை ஒன்றுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது துடைத்து, திருகாணி முடுக்கி, கொடுக்கத் தக்கதாய்க் கொடுப்பதே பெறுபவரை மதிப்பதாகும்.

என்னைத் தேடி வந்த மாணவர் படித்து முடித்தார். தாயின் சங்கிலியை மீட்க மூன்று ஆண்டுகள் ஆயின. ஊருக்குப் புறப்படும் நாளில், கட்டிலும் மேசையும் எங்கே என்று கேட்டேன். “புதிதாக வந்த தம்பி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன், சாமி. யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லச் சொன்னேன்” என்றார்.