வீட்டுச் சாதனங்களின் சத்தம்: எது வழமை, எது ஆபத்து?

நீண்ட காலத்தின் பின் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். உறவினர் வீட்டில் விட்டுச்சென்ற குளிர்சாதனப்பெட்டி, தற்காலிக இடத்திலிருந்து கொண்டுவந்த மின்விசிறி, கடன்பட்டு வாங்கிய கிணற்று மோட்டர் என்று பலவகைச் சாதனங்கள் இப்போது உங்களிடம் இருக்கக்கூடும். பாவிக்காமல் கிடந்தவற்றில் துரு ஏறியிருக்கலாம். வயரை எலி கடித்திருக்கலாம். பிளக் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இவற்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் பல சாதனங்கள் பழுதாகி நிற்பதற்கு முன் சத்தத்தில் ஒரு மாற்றத்தைக் காட்டும். அதை நேரத்துக்குக் கவனித்தால் ஒரு மோட்டரையும் காப்பாற்றலாம், ஓர் உயிரையும் காப்பாற்றலாம்.

முதல் தடவை போடும்போது

நீண்ட காலம் பூட்டிக் கிடந்த வீட்டின் வயர்களை, அனுமதிபெற்ற மின் தொழிலாளி ஒருவரைக்கொண்டு பரிசோதித்த பின்னரே மின்சாரத்தைப் பாவியுங்கள். பிறகு, பகல் நேரத்தில், ஒவ்வொரு சாதனமாகப் போடுங்கள். வானொலியை நிற்பாட்டிவிட்டு, பத்து நிமிடம் பக்கத்தில் நின்று கேளுங்கள். சாதனம் ஒழுங்காக வேலை செய்யும்போது வரும் சத்தமே அதன் வழமைச் சத்தம். அதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

சத்தம் மாறினால் ஒரே விதிதான்: முதலில் நிற்பாட்டுங்கள், பிறகு பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தைத் தட்டியோ ஆட்டியோ பார்க்க வேண்டாம். கை உலர்ந்திருக்க வேண்டும். காலில் செருப்பு இருக்க வேண்டும்.

பிளக், சுவிச், மெயின் பெட்டி

இவற்றில் சத்தமே வரக்கூடாது. சுவரிலுள்ள பிளக் துளையிலோ சுவிச்சிலோ எண்ணெயில் வடகம் பொரிவதுபோல் "சர்சர்" என்று கேட்டால், உள்ளே வயர் தளர்ந்து தீப்பொறி பறக்கிறது என்று பொருள். கூடவே கருகிய மணம், பழுப்பு நிறக் கறை, சூடு ஆகியவையும் இருக்கலாம். அந்தச் சுவிச்சைத் தொடாமல் மெயின் சுவிச்சை நிற்பாட்டுங்கள்.

பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்டக்கால் துளைகள் இருக்கும். இப்போது வாங்கும் சாதனங்களில் பெரும்பாலும் 13 அம்பியர் சதுரக்கால் பிளக் இருக்கும். ஒன்றை மற்றொன்றுக்குள் பலவந்தமாகச் சொருகினால் அல்லது குச்சி வைத்து இறுக்கினால், இந்தப் பொரியும் சத்தம் தொடங்கும். துளையை மாற்றுவதே வழி.

மெயின் பெட்டியில் "டக்" என்று ட்ரிப் சுவிச் விழும் சத்தம் உங்களைக் காப்பாற்றும் சத்தம். அது விழுந்தால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு அதை உயர்த்துங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைப் போடும்போது மீண்டும் விழுகிறதோ, அந்தச் சாதனத்தில் ஒழுக்கு இருக்கிறது. ஒன்றையும் சொருகாமலே விழுந்தால் பழுது வீட்டு வயரில். ட்ரிப் சுவிச்சைக் கட்டி வைக்கவோ, பியூஸுக்குத் தடித்த கம்பி போடவோ வேண்டாம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். "டக்" என்று விழாவிட்டால், மின் தாக்கும் நேரத்திலும் அது விழாது. உடனே மாற்றுங்கள்.

குளிர்சாதனப்பெட்டி

வாகனத்தில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் வைத்த பின்னரே போடுங்கள்.

மெல்லிய உறுமல், தண்ணீர் கொதிப்பதுபோன்ற குளுகுளுச் சத்தம், இடையிடையே ஒரு "டிக்", உட்சுவர் குளிரும்போது வரும் சிறு வெடிப்பொலி ஆகியவை வழமை. பெட்டி முழுவதும் அதிர்ந்தால் முதலில் அதன் கால்களைப் பாருங்கள். மண் தரையில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கலாம்.

கவனிக்க வேண்டியது இது: சில வினாடி உறுமல், பிறகு ஒரு "டிக்", சில நிமிடம் அமைதி, மீண்டும் உறுமல், மீண்டும் "டிக்". கொம்பிரசர் சுழல முடியாமல் திணறுகிறது. அந்த நேரத்தில் மின்குமிழ்களும் மங்கலாக எரிந்தால் காரணம் மின்னழுத்தக் குறைவாக இருக்கலாம். வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ற்று. பின்னேரத்தில் எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும்போது நீண்ட மின்பாதையின் கடைசி வீடுகளில் அது குறையும். பெட்டியை நிற்பாட்டி, அழுத்தம் சீரான பின் போடுங்கள். மின்சாரம் நின்று வந்தாலும் ஐந்து நிமிடம் பொறுத்தே போடுங்கள். விளக்குகள் நன்றாக எரியும்போதும் அதே சத்தம் வந்தால் திருத்துநரைக் கூப்பிடுங்கள்.

கிணற்று மோட்டர்

சீரான இரைச்சலும், தொடக்கத்தில் குழாயில் காற்றும் நீரும் சேர்ந்து துப்பும் சத்தமும் வழமை. பின்வரும் நான்கையும் பிரித்தறியுங்கள்:

• உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை: துருவால் இறுகியிருக்கலாம் அல்லது கப்பாசிற்றர் பழுதாகியிருக்கலாம். உடனே நிற்பாட்டுங்கள். சில நிமிடங்களிலேயே உள்ளே சுற்றியுள்ள செப்புக் கம்பி எரிந்துவிடும். நிற்பாட்டிய பின்னரும் கப்பாசிற்றரில் மின் தங்கியிருக்கும். அதை நீங்கள் திறக்க வேண்டாம்.

• வேகமாகச் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை: அடிவால்வு ஒழுகி, குழாயில் இருந்த நீர் இறங்கியிருக்கலாம். வெறுமனே ஓடவிட்டால் சீல் தேய்ந்துபோகும். நிற்பாட்டி, மோட்டருக்குள் நீர் நிரப்பிப் பிறகு போடுங்கள்.

• உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல் கடகடக்கிறது: கிணற்றில் நீர் மட்டம் இறங்கியிருக்கலாம் அல்லது உறிஞ்சு குழாயின் வலை அடைபட்டிருக்கலாம். கோடையில் இது அதிகம்.

• கிறீச்சிடுகிறது: பெயாரிங் தேய்ந்துவிட்டது. இப்போதே மாற்றினால் சிறு செலவு. தொடர்ந்து ஓடினால் மோட்டரே போய்விடும்.

மோட்டரையோ குழாயையோ தொடும்போது கை விறைத்தால், சத்தம் நல்லதாக இருந்தாலும் மெயின் சுவிச்சை நிற்பாட்டுங்கள். ஈரத் தரையில் நின்று குளிக்கும் இடம் அது.

மின்விசிறி

குறைந்த வேகத்தில் மெல்லிய "ம்ம்" சத்தம் வழமை. கூரை விசிறி ஆடிக்கொண்டு "டொக் டொக்" என்று தட்டினால், அது தொங்கும் கொக்கியும் ஆணியும் தளர்ந்திருக்கலாம். திருத்தும்வரை அதன் கீழே பிள்ளையைப் படுக்கவைக்க வேண்டாம். சுற்றாமல் உறுமினால் கம்பால் தள்ளிச் சுற்ற வைக்காமல் நிற்பாட்டுங்கள்.

காஸ் அடுப்பு

அடுப்பை மூடிய பின்னும் சிலிண்டர் பக்கத்தில் "ஸ்ஸ்" என்று கேட்டால் காஸ் ஒழுகுகிறது. சிலிண்டரை மூடுங்கள். கதவு, யன்னல்களைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். விளக்குச் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். அந்தச் சிறு பொறி போதும். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது. தரையோடு தேங்கி நிற்கும். ஒழுக்கைத் தேட நெருப்புக்குச்சி கொளுத்த வேண்டாம். சவர்க்கார நுரையைப் பூசுங்கள், குமிழி வரும் இடம்தான் ஒழுக்கு.

காது அறியாத ஆபத்து

மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு இருக்கிறது. அதற்குச் சத்தமும் இல்லை, மணமும் இல்லை. இயந்திரம் நல்ல சத்தத்தோடு ஓடும்போதே அது ஆளைக் கொல்லும். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ வைக்க வேண்டாம். கிணற்றுக்குள் ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்கப் பின்னால் இறங்க வேண்டாம். இயந்திரத்தை நிற்பாட்டி, மேலிருந்து கயிறு விட்டு, உதவிக்கு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

இன்றே செய்யக்கூடியது

மெயின் சுவிச் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளினால் நிற்கும் என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் விளங்கக்கூடிய வயதுப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். "அம்மா, மோட்டர் வேறமாதிரிக் கத்துது" என்று பிள்ளை வந்து சொன்னால் எழுந்து போய்ப் பாருங்கள். வீதியிலுள்ள கம்பியிலோ, கம்பத்திலோ, மீற்றருக்கு வரும் வயரிலோ பொரியும் சத்தம் கேட்டால் கிட்டப் போகாமல் 1987 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். மின் தாக்கியவரை, மின்சாரத்தை நிற்பாட்டும்வரை தொட வேண்டாம். நிற்பாட்டியதும் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சந்தேகமான சத்தத்தோடு எந்தச் சாதனத்தையும் இரவு முழுவதும் ஓடவிட்டுப் படுக்க வேண்டாம். விடியும்வரை நிற்பாட்டி வைத்தால் நட்டம் பெரிதில்லை.