வேலிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வாங்கித் தரும் ரியல்டர் வேலை எனக்கு. என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பலரும் இப்போது ஒரே மாதிரி கேட்கிறார்கள். “அக்கா, ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்ல பாருங்க. முருங்கை வைக்கணும், கறிவேப்பிலை வைக்கணும், முடிஞ்சா நாலு கோழி.” நான் பார்த்துத் தருகிறேன். ஆனால் அப்படிப்பட்ட இடத்தைச் சனிக்கிழமை மதியத்தில்தான் காட்டுவேன். வாரநாள் காலையில் எல்லா நிலமும் அமைதியாகத்தான் இருக்கும். பக்கத்து மனைக்காரர் லீவில் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் அந்த இடத்தின் நிஜமான சத்தம் தெரியும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, மகளைப் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த பெரியவரும் எங்களோடு இடம் பார்க்க வந்தார். மரங்களுக்குப் பின்னாலிருந்து விட்டுவிட்டு வெடிச்சத்தம் கேட்டது. “காட்டுப்பன்னிக்கு வெடி போடறாங்களாட்டம் இருக்குதுங்களே, அம்மணி?” என்றார். டெக்சாஸிலும் காட்டுப்பன்றித் தொல்லை பெரிது, விவசாயிகள் சுடுகிறார்கள். ஆனால் அன்று கேட்டது பன்றிக்கு அல்ல. யாரோ தன் வீட்டுக் கொல்லையில் இலக்கு நட்டு, பொழுதுபோக்காகச் சுட்டுக்கொண்டிருந்தார். “சொந்த வீட்டுல இப்படிச் சுடலாமா, அக்கா? சட்டம் விடுதா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. நீங்கள் நிற்கும் மண் யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நகராட்சி எல்லைக்குள் என்றால் விஷயம் ஓரளவு எளிது. ஒரு லட்சம் பேரோ அதற்கு மேலோ வாழும் நகர எல்லைக்குள் பொறுப்பில்லாமல் துப்பாக்கியால் சுடுவது டெக்சாஸ் குற்றவியல் சட்டப்படி ‘கிளாஸ் ஏ’ குற்றம். ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். இதற்கு மேல் நகரங்கள் தங்களுக்கென்று தனித் தடைகளும் வைத்திருக்கின்றன.

ஆனால் ஹியூஸ்டன், கேட்டி என்று அஞ்சல் முகவரி இருக்கும் எத்தனையோ வீடுகள் உண்மையில் எந்த நகராட்சியிலும் சேர்ந்தவை அல்ல. தபால்காரர் எழுதும் ஊர்ப்பெயர் வேறு, நகர எல்லை வேறு. இப்படி நகராட்சியில் சேராத கவுண்டிப் பகுதியை (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) இங்கே ‘அன்இன்கார்ப்பரேட்டட்’ என்பார்கள். அங்கே பொதுவாக நகரச் சட்டம் எட்டாது; நகரப் போலீஸுக்குப் பதில் கவுண்டியின் ஷெரீஃப் வருவார். வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டை வரி ரசீது வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

நகரம் வளர்ந்து பக்கத்து நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும்? தலைமுறை தலைமுறையாகத் தன் பண்ணையில் சுட்டுப் பழகியவர் ஒரே நாளில் குற்றவாளி ஆகிவிடக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றம் நினைத்தது. அதனால் 1981 செப்டம்பர் 1-க்குப் பிறகு சேர்க்கப்பட்ட பகுதிகளிலும், நகரத்தை ஒட்டிய வெளிவட்டத்திலும் நகராட்சியின் கையைச் சட்டம் கட்டிவைத்திருக்கிறது. 10 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில், அடுத்தவர் வீட்டிலிருந்து 150 அடிக்கு அப்பால் நின்று ஷாட்கன்னோ ஏர்கன்னோ சுட்டால் நகரம் தடுக்க முடியாது. ரைஃபிள், பிஸ்டல் என்றால் 50 ஏக்கர், 300 அடி. இரண்டுக்கும் பொது நிபந்தனை ஒன்று உண்டு: குண்டு நிலத்தின் எல்லையைத் தாண்டாது என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விதத்தில் சுட வேண்டும்.

பொள்ளாச்சிப் பெரியவரின் மகள் பார்த்ததோ ஒரு ஏக்கர். நகராட்சியில் சேராத பகுதியில் மனைப்பிரிவு போட்டு விற்ற இடம். இங்கே சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. மனைப்பிரிவுக்குள் 10 ஏக்கரும் அதற்குக் குறைவுமான மனைகளில் சுடுவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கவுண்டி ஆட்சிக் குழுவுக்கு உண்டு. அதிகாரம் உண்டு என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. கவுண்டி தீர்மானம் போட்டால்தான் அது தடை. போடாத கவுண்டியில், ஒரு ஏக்கர் மனையில் ஒருவர் சுடுவதை நேரடியாகத் தடுக்கும் விதி இல்லை. அதனால் வாடிக்கையாளருக்கு இடம் பிடித்துவிட்டால், பேரம் பேசுவதற்கு முன்பே கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போன் போட்டு அப்படி ஒரு தீர்மானம் இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன்.

இந்த ஏக்கர் கணக்கில் எனக்குத் தீராத மனக்குறை உண்டு. 10 ஏக்கரைச் சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 660 அடி. 50 ஏக்கர் என்றால் சுமார் 1,475 அடி. கடையில் விற்கும் ரைஃபிள் தோட்டாக்களில் மிகச் சிறியவற்றில் ஒன்றான பாயின்ட் 22-இன் பெட்டியை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஒன்றரை மைல் என்பது 7,920 அடி. 50 ஏக்கர்க்காரர் தன் நிலத்தின் இந்த மூலையில் நின்று சுட்டாலும், தடுக்க எதுவும் இல்லையென்றால், குண்டு ஐந்து நிலம் தாண்டிப் போகும். நிலத்தின் அளவு அந்தக் குண்டை நிறுத்தாது. இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேடுதான் நிறுத்தும்.

ஆகவே இடம் பார்க்கப் போகும்போது பக்கத்து மனையில் இலக்கு தெரிந்தால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கல் கலக்காத மண்ணை உயரமாகக் குவித்து, இலக்கை அதன் அடியில் நட்டு, வீடுகள் இல்லாத திசையை நோக்கிச் சுடுகிறவர் தொழில் தெரிந்தவர். அப்படிப்பட்டவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள், நல்ல அண்டை வீட்டுக்காரர்களாகவும் இருக்கிறார்கள். வேலிப்பலகையில் காகிதத்தை ஒட்டிச் சுடுகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பலகை குண்டை நிறுத்தாது. மரவரிசையும் நிறுத்தாது. கல்லிலும் தண்ணீரிலும் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குண்டு எல்லை தாண்டினால் சட்டம் என்ன சொல்கிறது? பூங்கா, வனவிலங்குச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வேட்டையிலோ பொழுதுபோக்குச் சுடுதலிலோ ஒருவர் சுட்ட குண்டு நில எல்லையைக் கடந்தால் அது குற்றம். இரு பக்க நிலமும் அவருடையதாக இருந்தாலோ, பக்கத்து நிலக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தாலோ மட்டும் விலக்கு. அபராதம் எவ்வளவு? 25 டாலரிலிருந்து 500 டாலர் வரை. என் பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்குள் குண்டு வந்ததற்கு இவ்வளவுதானா என்று இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. ஆளையோ வீட்டையோ நோக்கித் தெரிந்தே சுட்டால் அது வேறு. 2 முதல் 10 ஆண்டு சிறை தரும் பெருங்குற்றம்.

சத்தம் மட்டும்தான் தொந்தரவு என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பொறுக்க முடியாத இரைச்சல் பொது அமைதிக்குக் கேடு என்ற பிரிவில் வரும். அதிகாரி ஒருவர் வந்து எச்சரித்த பிறகும் 85 டெசிபலைத் தாண்டும் சத்தத்தை நியாயமற்றது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். துப்பாக்கிச் சத்தம் அதைவிடப் பல மடங்கு. ஆனால் முறைப்படி அமைந்த சுடுதளங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே ஷெரீஃபின் ஆள் ஒருமுறை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போவது முக்கியம். அந்த எச்சரிக்கைதான் அடுத்த புகாருக்கு வலு.

நேராகப் போய்ப் பேசிவிடலாமே என்று கேட்கிறார்கள். பகலில், நிதானமாக, பழக்கமான மனிதரிடம் என்றால் பேசலாம். பெரும்பாலும் பேச்சே போதும். ஆனால் ஹியூஸ்டனுக்கு வடக்கே சுமார் 45 மைலில் உள்ள கிளீவ்லாந்து பகுதியில் 2023 ஏப்ரல் 28 இரவு நடந்ததை இங்கே வீடு விற்கும் யாரும் மறக்கவில்லை. அதுவும் ஒரு ஏக்கர் மனைகளின் குடியிருப்புதான். பக்கத்து முற்றத்தில் ஒருவர் ரைஃபிளால் சுட்டுக்கொண்டிருந்தார். குழந்தை தூங்க வேண்டும், கொஞ்சம் தள்ளிப்போய்ச் சுடுங்கள் என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். மறுத்தார். அவர்கள் போலீஸுக்குப் போன் செய்தார்கள், மறுபடி மறுபடி செய்தார்கள். அவர் துப்பாக்கியோடு அந்த வீட்டுக்குள் புகுந்து, 9 வயதுச் சிறுவன் உட்பட 5 பேரைக் கொன்றார். சுட்டவர் சட்டப்படி துப்பாக்கியே வைத்திருக்க முடியாதவர். இறந்தவர்கள் ஹோண்டுராஸிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம்மைப் போலத்தான், ஊருக்கு வெளியே கொஞ்சம் இடம் என்று வந்தவர்கள். அதனால் இரவிலும், சுடுகிறவர் குடித்திருக்கும் நேரத்திலும் வேலி ஓரம் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கதவைப் பூட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் நிற்காமல் 911-ஐ அழையுங்கள்.

கவுண்டி தடை போடாத இடத்திலும் ஒரு காகிதம் காப்பாற்றலாம். மனைப்பிரிவு போட்டவர் பத்திரத்தோடு பதிவு செய்த கட்டுப்பாடுகள், ‘டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்பார்கள். துப்பாக்கி சுடக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தால், பக்கத்து மனைக்காரரையும் அது கட்டும். மீறினால் சிவில் வழக்குப் போடலாம். கையெழுத்துக்கு முன், நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அனுப்பும் ஆவணக் கட்டில் இது இருக்கும். கடன் தாள்களைப் பத்து முறை படிப்பவர்கள் இதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பொள்ளாச்சிக் குடும்பத்துக்கு நான் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். அந்த இடத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கவுண்டித் தீர்மானமும் இல்லை. அவர்கள் வேறு இடம் பார்த்தார்கள்.

சுடுவது நாமாக இருந்தால்? நம் பிள்ளைகளுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். வார இறுதியில் ஆபீஸ் நண்பர் தன் நிலத்துக்குக் கூப்பிடுவார், “வா, நீயும் ரெண்டு சுட்டுப் பாரு” என்று ரைஃபிளைக் கையில் கொடுப்பார். மாநிலச் சட்டப்படி அவர் நிலத்தில் எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சட்டம் சொல்லும் விலக்கு எதுவும் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022-க்குப் பிறகு 15 ஆண்டு வரை சிறை. நண்பருடைய துப்பாக்கி, ஒரு நிமிடம்தான் பிடித்தேன் என்பதெல்லாம் நம்பி இறங்கக்கூடிய சமாதானம் அல்ல. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு அனுப்பவும் முடியும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆசை இருந்தால் முதலில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள், மாநிலத்தின் வேட்டை உரிமத்தை உங்கள் பெயரில் வாங்குங்கள், அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை நண்பர் நீட்டும் துப்பாக்கியைத் தொடாதீர்கள், தம்பி.